அணிலிடம் ஒப்படைத்த அஞ்சல்

(திருவேற்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2008-ஆம் ஆண்டு. டெல்லி. இந்தியப் பிரதமரின் அலுவலகம். பென்ஷன் நின்றுபோனவர் எழுதுவார், நிலத்தகராறில் சிக்கியவர் எழுதுவார், வேலை கேட்டுப் பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி அவர்களுக்கெல்லாம் கடைசி நம்பிக்கை. அந்த மெயில்களை ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே திறந்து படிக்க முடியாமல் போயிற்று. காரணம், கணினிக்குள் புகுந்த வைரஸ். மெயில் படிக்க அவர்கள் வைத்திருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருள். வந்த கடிதத்தை அப்படியே கணினிக்குள் இறக்கிக்கொள்ளும் வகை அது. கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததும் உள்ளே இறங்கிவிடும்.

இந்தச் சங்கதி எப்படி வெளியே தெரிந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமகன் ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் தெரிந்தது. பழைய மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டதாகவும் அந்தப் பதிலில் சொல்லியிருந்தார்கள். அந்த வேறொன்றின் பெயர் ஸ்குவிரல்மெயில். தமிழில் சொன்னால், அணில் அஞ்சல்!

ஒரு நாட்டின் பிரதமர் அலுவலகம் தன் கடிதங்களை ஒப்படைத்த அந்த அணிலின் விலை என்ன? ஒரு காசு கிடையாது. செய்தவர்கள் யார்? பெரிய நிறுவனமா? இல்லை. நேதன், லூக் என்ற எரெஸ்மன் சகோதரர்கள் 1999-ல் தொடங்கிவைத்த வேலை அது. அதன் மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தன் சர்வரில் வைத்து ஓட்டலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். பிரவுசரிலேயே மெயில் படிக்க, எழுத, அடுக்கி வைக்க உதவும் இப்படிப்பட்ட திறந்த மூல மென்பொருள்தான் இன்றைய பேச்சின் பொருள். சுருக்கமாக, திறந்த மூல வெப்மெயில்.

கருமாரியம்மன் கோயில் ஊரில் நின்று இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கிருந்து வடக்கே போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி. மேற்கே பூந்தமல்லி. இந்த வட்டாரத்தில் லேத் ஓடும் பட்டறைகள் எத்தனை! பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங், பேக்கிங் யூனிட் எத்தனை! அவர்கள் அத்தனை பேருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் எதில் வருகிறது? மெயிலில். டிராயிங்? மெயிலில். கோட்டேஷன், இன்வாய்ஸ், பேமென்ட் விவரம்? அதுவும் மெயிலில். வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேசினாலும், பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு எழுத்தில் வேண்டும் என்று கேட்பது மெயிலைத்தான். அந்த மெயிலைக் காலையில் எதில் திறக்கிறோம் என்று பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்துப் பார்த்தால், பலருக்கு அது இந்த அணிலின் உறவுகளில் ஒன்றாக இருக்கும்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

பழைய காலத்துத் தபால்காரரை நினைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்காருவார். பட்டாளத்திலிருந்து பேரன் போட்ட கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டுவார். பாட்டி சொல்லச் சொல்லப் பதிலைக் கார்டில் எழுதிக்கொண்டு, தானே எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். கடிதம் அவருடையதல்ல. அதை அவர் வைத்துக்கொள்வதும் இல்லை. அஞ்சலகத்துக்கும் பாட்டிக்கும் நடுவே நின்று வாசிப்பதும் எழுதுவதும் அவர் வேலை. வெப்மெயில் செய்வது அச்சு அசலாக இதே வேலைதான்.

நமக்கு வரும் மெயில் எங்கோ ஒரு சர்வரில் தங்கியிருக்கிறது. அங்கே போய்ப் படிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. அதன் பெயர் ஐமேப். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 1986-ல் வகுத்தது. பாப் என்று அதற்கும் முந்தைய முறை ஒன்று உண்டு. அது கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்துவிடும். எடுத்து வந்த கணினி பழுதானால் கடிதமும் போச்சு. ஐமேப் முறையில் கடிதம் அஞ்சலகத்திலேயே பத்திரமாக இருக்கும். வீட்டிலிருந்து பார்க்கலாம், பட்டறையிலிருந்து பார்க்கலாம், ஊருக்குப் போன இடத்தில் போனிலும் பார்க்கலாம். வெப்மெயில் என்பது ஒரு பக்கம் பிரவுசரோடும் மறுபக்கம் ஐமேப்போடும் பேசும் நிரல். அனுப்பும்போது எஸ்.எம்.டி.பி. என்ற இன்னொரு முறையில் கடிதத்தைச் சேர்த்துவிடும்.

முகவரிக்கும் தபால் உவமை அப்படியே பொருந்தும். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. திருவேற்காட்டுக்கு 600077. அந்த ஆறு எண்ணைப் பார்த்தே மூட்டை பிரிக்கிறார்கள். மெயிலில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்தான் பின்கோடு. அந்தப் பெயருக்கு வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று எம்.எக்ஸ். என்ற ஒரு பதிவில் குறித்திருக்கும். அந்தப் பதிவை மாற்றும் உரிமை பெயரை வாங்கி வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

இனி, வெப்மெயில் நம்மிடம் வந்து சேர்ந்த கதை. இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தை விதேஷ் சஞ்சார் நிகாம், அதாவது வி.எஸ்.என்.எல்., 1995 ஆகஸ்ட் 15-ல் திறந்துவிட்டது. மோடம் கிறீச்சிட்டு முடித்த பிறகு, மாணவர் கணக்கில் வந்ததெல்லாம் எழுத்து மட்டும் தெரியும் திரை. மறுவருடமே, 1996 ஜூலை 4-ல், சபீர் பாட்டியா என்ற இந்தியரும் ஜாக் ஸ்மித் என்ற நண்பரும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். பிரவுசர் இருந்தால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் மெயில்! 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது.

அப்புறம் வந்தது பிரவுசிங் சென்டர் காலம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். பலகை வைத்துத் தடுத்த சின்னச் சின்னக் கூண்டு. மணிக் கணக்கில் காசு. பக்கம் திறக்கத் திறக்க நிமிடம் ஓடும். அந்தக் காலத்துக்கென்றே பிறந்தது போல இருந்தது ஸ்குவிரல்மெயில். ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம், படம் வேண்டாம், ஜோடனை வேண்டாம். இடப்பக்கம் உறைகளின், அதாவது ஃபோல்டர்களின், பட்டியல், வலப்பக்கம் கடிதங்களின் பட்டியல், அவ்வளவுதான். மட்டமான இணைப்பிலும் திறக்கும், ஓட்டைக் கணினியிலும் திறக்கும். பல்கலைக்கழகங்கள் அதை விரும்பின. பிரதமர் அலுவலகமும் அதனிடமே வந்தது.

1998-ல் ஹோர்ட் என்ற இன்னொரு வெப்மெயில் திட்டமும் பிறந்திருந்தது. 2005-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் புரூடர்லி தொடங்கியது ரவுண்ட்கியூப். கடிதத்தை இழுத்து உறைக்குள் போடலாம், பக்கத்தை மறுபடி ஏற்றாமலே புதுக் கடிதம் வந்து விழும். அதற்கு முந்திய வருடம்தான் கூகுள் ஜிமெயிலைக் கொண்டுவந்து ஒரு ஜிபி இடம் தருகிறேன் என்று உலகத்தை வாய்பிளக்க வைத்திருந்தது. ஜிமெயில் போல வழுக்கிக்கொண்டு ஓடும் முகப்பு, ஆனால் நம்முடைய சர்வரில், நம்முடைய முகவரியில், காசில்லாமல்! அதுதான் ரவுண்ட்கியூப்பின் கவர்ச்சி.

தமிழ் இங்கே எங்கே வருகிறது?

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் தொண்டு. ஒருவர் ஒரு நாட்டில் தட்டச்சு செய்வார், இன்னொருவர் வேறு நாட்டில் பிழை திருத்துவார். கோப்புகள் போய்வந்தது மெயில் வழியே. சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. ராமர் பாலம் கட்டும்போது முதுகில் மணலை ஒட்டிக்கொண்டு போய் உதறியது அணில் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த அணில்களின் கூட்டம் அது.

ஆனால் தமிழில் மெயில் அனுப்புவது அன்று எவ்வளவு பெரிய அவஸ்தை! ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு எழுத்துக் குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டைத் தரமாக அறிவித்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி என்ற இன்னொன்று வழங்கியது. அனுப்புகிறவர் தமிழில்தான் எழுதுவார். பெறுகிறவரின் திரையிலோ தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். காரணம் எளியது. இந்தக் குறியாக்கங்கள் எல்லாம் ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழைக் குடியேற்றியிருந்தன. அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். பிரவுசிங் சென்டர் கணினியில் அந்த எழுத்துரு எங்கே இருக்கப்போகிறது?

யூனிகோடு வந்து இதைத் தீர்த்தது. 1991-லேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. கணினிகளும் வெப்மெயில்களும் அதைப் பழகிக்கொள்ளப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

இன்று தமிழ் மெயில் எப்படிப் பயணம் செய்கிறது என்று ஒரு நிமிடம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தலைப்பு வரியில் ‘வணக்கம்’ என்று மட்டும் எழுதி உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வந்ததும் வெப்மெயிலில் அதன் மூலத்தைக் காட்டும் வசதியைத் திறங்கள். தலைப்பு வரியில் தமிழே இருக்காது! பழைய மெயில் தடங்கள் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே போகும் குறுகல் பாதை. அதனால் நம் எழுத்துக்கு ஒரு மாறுவேடம் போட்டு அனுப்புகிறார்கள். கணினிக் கணக்கில் வணக்கம் என்பது ஏழு குறி: வ, ண, க, ஒரு புள்ளி, மறுபடி க, ம, கடைசிப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 21. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றுவது பரவலான ஒரு விதி. ஆக 28 எழுத்து. அந்த 28-ஐ நான்கு நான்காகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாலும் 4 என்ற எண்ணில் தொடங்கும், அடுத்து பெரிய ‘கே’ வரும். 4 கே, 4 கே என்று ஏழு முறை! தமிழ் எழுத்துகள் அத்தனைக்கும் யூனிகோடில் முன்பாதி ஏறக்குறைய ஒன்று என்பதால் வந்த ஒழுங்கு அது. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் இனிஷியல் போல.

இந்த 28 எழுத்தை மறுபடி வணக்கமாக்கும் வேலையை வெப்மெயில் செய்கிறது. அதைச் செய்யும் நிரல் திறந்திருப்பதால், தமிழ் உடைந்தால் எங்கே உடைகிறது என்று தமிழ் தெரிந்தவரே தேடிப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். பூட்டிய மென்பொருளில் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஸ்குவிரல்மெயிலின் மொழித் தொகுப்பில் தமிழும் இருந்தது, இலங்கைத் தமிழ் என்ற குறியீட்டோடு. எந்த நிறுவனமும் லாபம் பார்த்து அதைச் செய்திருக்காது. எங்கோ சில தமிழர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சொல் தேடியிருக்கிறார்கள்.

இங்கே சென்னையிலும் அப்படி உழைத்தவர்கள் உண்டு. லினக்ஸ் ஆர்வலர் குழு ஒன்று 1998 முதல் இயங்கி, ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிப் பேசி வளர்ந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-ல் நடத்தத் தொடங்கின. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் அதிகாரி உமாசங்கர் இருந்த காலத்தில் அதன் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதிச் சொல்லித்தருகிறது. வீரராகவபுரத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் கணியத்தைத் தேடிப் படிக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ரவுண்ட்கியூப் என்ற மூன்றையும் பழைய லேப்டாப் ஒன்றில் நிறுவிப் பாருங்கள். கடிதம் வாங்குவது, அடுக்குவது, வாசித்துக் காட்டுவது என்று மூன்று வேலைக்கும் மூன்று திறந்த மூல மென்பொருள். ஒரு சனி ஞாயிறு போதும். பாடப்புத்தகத்தில் ஒரு செமஸ்டர் படித்தும் பிடிபடாதது அதில் பிடிபடும்.

சரி, அம்பத்தூர் பட்டறைக்கு வருவோம்.

ஐந்தாறு லேத் ஓடும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒரு டொமைன், அதாவது அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்கி, கூடவே சின்ன ஹோஸ்டிங்கும் எடுத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை ரென்யூவல். காலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மா பிரவுசரில் கம்பெனி பெயரை அடித்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, 2096 என்று சேர்க்கிறார். அந்த எண்ணில்தான் சிபேனல் என்ற மென்பொருளில் ஓடும் ஹோஸ்டிங்கின் மெயில் கதவு திறக்கும். முன்பெல்லாம் உள்ளே நுழைந்ததும் மூன்று சின்னங்கள் நிற்கும்: அணில், ஹோர்ட், ரவுண்ட்கியூப். எதில் படிக்கிறாய் என்று கேட்கும். பிறகு அணிலை எடுத்துவிட்டார்கள், ஹோர்டும் போயிற்று. இப்போது ரவுண்ட்கியூப் ஒன்றுதான் எஞ்சி நிற்கிறது. மூல நிரல் திறந்திருந்தாலும் பராமரிக்க ஆள் குறைந்தால் மென்பொருள் வாடிவிடும் என்பதற்கு ஸ்குவிரல்மெயிலே சாட்சி. அதன் கடைசி முறையான வெளியீடு 2011-ல் வந்தது.

அந்த அம்மாவுக்குத் தலைவலி தருவது வைரஸ்கூட அல்ல, இடம். உறைகளின் பட்டியலுக்கு அடியில் சின்னதாக ஒரு சதவீத எண் தெரியும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. டிராயிங் ஒவ்வொன்றும் கனமான கோப்பு. வந்தது ஒரு தடவை, பதிலோடு திருப்பி அனுப்பினால் அனுப்பியவை என்ற உறையில் அதன் பிரதி இன்னொரு தடவை. எண் நூறைத் தொட்டதும் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அங்கே பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர், இவர்களுக்கு ஆர்டர் வேண்டாம் போல என்று நினைத்துக்கொள்வார்! அழித்தேனே என்பார் அந்த அம்மா. அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். குப்பைத்தொட்டியும் அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது, அதே இடத்தைத்தான் அடைக்கிறது. தொட்டியைக் காலிசெய்ய வேண்டும். முதலில் கையை வைக்க வேண்டியது அனுப்பியவை உறையில். இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் எத்தனை பட்டறைகள் கூடுதல் இடத்துக்குப் பணம் கட்டுகின்றன!

இன்னொரு பட்டறை. அங்கே எல்லாம் இலவச ஜிமெயில். விசிட்டிங் கார்டிலும் அதுதான், வாசலில் போர்டிலும் அதுதான். கணக்கைத் தொடங்கியது முன்பு வேலை பார்த்த பையன். கடவுச்சொல் அவனிடம், மீட்பு எண் அவனுடைய பழைய போன். பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஒரு நாள் கணக்கு பூட்டிக்கொள்கிறது. பத்து வருடத்து வாடிக்கையாளர் கடிதமெல்லாம் உள்ளே. யாரிடம் போய்க் கேட்பது? எந்தக் கதவைத் தட்டுவது? ஜிமெயில் நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அட் குறிக்குப் பின்னால் இருப்பது கூகுளின் பெயர். அந்தப் பின்கோடு நம்முடையதல்ல.

சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. ஹோஸ்டிங்காரர் சரியில்லையா? கடிதங்களை ஐமேப் வழியே அப்படியே எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போகலாம். எம்.எக்ஸ். பதிவை மாற்றினால் அடுத்த நாளுக்குள் எல்லாம் புது இடத்துக்கு வந்துவிடும். முகவரி மாறாது, போர்டு மாறாது, விசிட்டிங் கார்டு மாறாது. போன இடத்திலும் பெரும்பாலும் அதே ரவுண்ட்கியூப் முகப்புதான் இருக்கும். அந்த அம்மா புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வீடு மாறினாலும் கூடவே வரும் தபால்காரர்!

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, கெட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2023 அக்டோபரில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தாக்குதலை வெளியிட்டது. வின்டர் விவெர்ன் என்று அழைக்கப்படும் கும்பல் ரவுண்ட்கியூப்பின் ஒரு ஓட்டை வழியாக ஐரோப்பிய அரசு அலுவலகங்களின் மெயிலைத் திருடிக்கொண்டிருந்தது. எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம். மெயிலைத் திறந்து பார்த்தாலே போதும், கடிதங்கள் வெளியே போய்விடும். ஈசெட் தெரிவித்த சில நாட்களிலேயே ரவுண்ட்கியூப் குழு ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு விட்டது.

2025 ஜூனில் வந்தது அதைவிடப் பெரியது. பத்தாண்டுக்கும் மேலாக நிரலுக்குள் ஒளிந்திருந்த ஓட்டை! கடவுச்சொல் தெரிந்த ஒருவர் உள்ளே நுழைந்தால், அந்த சர்வரிலேயே தன் இஷ்டத்துக்கு எதையும் ஓட்டலாம். ஆபத்தின் அளவு பத்துக்கு 9.9 என்று மதிப்பிட்டார்கள். 1.6.11, 1.5.10 என்ற இரண்டு பதிப்புகளில் அதை அடைத்தார்கள். அடைத்த செய்தி வெளியான சில நாட்களுக்குள், அடைக்காத சர்வர்களைத் தேடிக்கொண்டு திருடர்கள் கிளம்பிவிட்டார்கள்.

எல்லோரும் பார்க்கக் கூடிய நிரலில் ஓர் ஓட்டை எப்படிப் பத்தாண்டு தப்பியது? பார்க்கலாம் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு. உலகமெங்கும் எண்ணற்ற சர்வர்களில் ஓடும் இந்த மென்பொருளைத் தாங்கி நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடிய சிலர். 2015-ல் அதன் அடுத்த தலைமுறைக்கென்று மக்களிடம் பணம் திரட்டினார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. அதன் பிறகும் பழைய நிரலை வருடக் கணக்கில் விடாமல் செப்பனிட்டார்கள் அலெக்சாண்டர் மாக்னியாக் போன்றவர்கள். 2023 நவம்பரில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற ஜெர்மன் நிறுவனம் ரவுண்ட்கியூப்பைத் தன் குடையின்கீழ் சேர்த்துக்கொண்டது. ஹோஸ்டிங் கம்பெனிகள் இந்த மென்பொருளைக் காட்டி உலகமெங்கும் சம்பாதிக்கும்போது, அதைச் செய்தவர்களுக்கு உருப்படியான ஆதரவு கிடைக்க இவ்வளவு காலம் ஆனது வருத்தமான விஷயம்தான்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2015-ல் மத்திய அரசு அடுத்தடுத்து இரண்டு கொள்கைகளை வெளியிட்டது. அரசு வேலைக்கு அரசின் மெயிலையே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்று. அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மற்றொன்று. தேசிய தகவலியல் மையத்தின் அரசு மெயில் ஜிம்ப்ரா என்ற மென்பொருளில் ஓடியது. அதுவும் திறந்த மூலத்தில் பிறந்ததுதான். பின்னர் அந்த மெயில் நம் தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஜோஹோ நிறுவனத்திடம் போனது. மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மெயில் அது. தமிழ்நாட்டுக்குப் பெருமை, சந்தேகமேயில்லை. ஆனாலும் ஜோஹோவின் மூல நிரல் திறந்ததல்ல. நம் நாட்டில் செய்தது என்பது ஒன்று, நாம் திறந்து பார்க்கக் கூடியது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வரும் நாளைக் கேட்டு வாங்க வேண்டியது குடிமக்களின் பொறுப்பு.

முகவரியே தமிழில் இருக்க முடியுமா? முடியும்! அதற்கான விதிகளை 2012-லேயே வகுத்துவிட்டார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 2015-ல் அதை ஏற்றது. 2016-ல் ஜெய்ப்பூரின் டேட்டா எக்ஸ்ஜென் நிறுவனம் இந்திய மொழிகளில் முகவரி தரும் சேவையைத் தொடங்கியது. புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்கள் மூன்று நாடுகளுக்கும் உண்டு. வழியில் உள்ள சர்வர்கள் அத்தனையும் இதைப் பழகிக்கொள்ளாததால் தமிழ் முகவரி இன்னும் தட்டுத் தடுமாறித்தான் நடக்கிறது. நம் எழுத்துருக்கள் 1999-ல் தடுமாறிய அதே தடுமாற்றம்!

இனி வீட்டுக்குப் போனதும் செய்ய ஒரு சின்ன வேலை. சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள் இன்று இரவே உங்கள் வெப்மெயிலைத் திறங்கள். ரவுண்ட்கியூப் என்றால், இடப்பக்கம் கீழே கேள்விக்குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் பதிப்பின் எண் தெரியும். 1.6 வரிசையில் இருந்தால், அந்த 2025 ஜூன் ஓட்டை அடைபட்டிருக்கக் கடைசி எண் 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 1.5 வரிசை என்றால் 10-க்குக் குறையக் கூடாது. இவற்றுக்கும் பிந்திய பதிப்பு என்றால் இன்னும் நல்லது. குறைந்திருந்தால் உங்கள் ஹோஸ்டிங்காரருக்கு உடனே ஒரு மெயில் போடுங்கள். தமிழிலேயே போடுங்கள். தலைப்பில் வணக்கம் என்று எழுதுங்கள். வழியெல்லாம் 28 எழுத்தாக மாறுவேடம் போட்டுக்கொண்டு போனாலும், அவர் திரையில் அது வணக்கம் என்றே திறக்கும்.